மௌனியின் கதைகளும் வாசிப்போர் கருத்து வேற்றுமையும்

(வாழவந்தி நாட்டில் நம் சங்கத்தின் வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சங்கத்தார் எம்மை இன்று பேசப் பணித்த பொருள் சிறிது சிக்கலானது. நமது வாசகசாலைக்கு வாங்கிய ‘மௌனி கதைகள்’ என்னும் நூல் இரண்டு மாதமாக இம்மலையில் வீடு வீடாகச் சென்று திரும்பியிருக்கிறது. திரும்பியபோது அது தனியே திரும்பவில்லை. ஆளுக்கொரு கருத்தையும் உடன் கொண்டு வந்தது. பெரியவர் ஒருவர், இதனை அலமாரியினின்றும் அகற்றிவிட வேண்டுமென்று எழுத்து மூலமாகவே கேட்டுக்கொண்டார். கல்லூரி மாணவர் ஒருவர், இதனைத் திருப்பித்தர மனமில்லை, விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மற்றொருவர் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்தி, தமக்கு இதற்கேற்ற படிப்பில்லை என்று நாணத்துடன் வைத்துவிட்டுப் போனார். எழுத்தறியாத தாய் ஒருவர், தம் பேத்தி படிக்கக் கேட்டு ஒரு சொல் சொன்னார். அச்சொல்லைப் பின்னர் உரிய இடத்திற் கூறுவோம்.

இந்நால்வருள் எமக்கு மிகுந்த கவலை தந்தவர் மூன்றாமவரே. வெறுத்தவர்க்கும் விரும்பியவர்க்கும் தத்தம் நிலை நன்கு தெரியும். நாணி வைத்துவிட்டுப் போனவரோ இனி எந்நூலையும் எடாமற் போகலாம். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கடந்தவர் பலர் இன்று இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். ‘இது உனக்கு விளங்காது’ என்னும் மொழியை அவர்கள் மலையடிவாரத்து அலுவலகங்களில் எத்தனையோ முறை கேட்டவர்கள். அம்மொழியையே ஒரு கதைநூலும் கூறத் தொடங்கினால், வாசகசாலை எதற்கு? ஆகவே, விளங்கவில்லை என்பவர்க்கு நேர்மையான விடை கூற வேண்டுவது நம் கடமையாகிறது. நூலைப் போற்றுவோர் அவ்விடையை இதுவரை கூறியதாக எமக்குத் தோன்றவில்லை, தூற்றுவோரும் கூறினாரில்லை.

முதற்கண் ஆசிரியரைப் பற்றிச் சில சொற்கள். மௌனி என்பது புனைபெயர். மணி என்னும் இயற்பெயருடைய இவர் 1907ஆம் ஆண்டிற் பிறந்தவர். தஞ்சை மாவட்டத்துச் செம்மங்குடி இவரது ஊர். கும்பகோணத்திற் கல்வி பயின்று, திருச்சிராப்பள்ளியிற் கணிதம் கற்றுப் பட்டம் பெற்றார். இசையிலும் தத்துவத்திலும் ஈடுபாடு மிக்கவர். 1936ஆம் ஆண்டில் பி. எஸ். ராமையா அவர்களின் தூண்டுதலால் ‘மணிக்கொடி’யில் எழுதத் தொடங்கினார். 1943 முதல் சிதம்பரத்தில் வாழ்ந்து, 1985ஆம் ஆண்டிற் காலமானார். தம் வாழ்நாளில் இவர் எழுதிய கதைகள் இருபத்து நான்கே. மாதம் ஒரு கதையென எழுதுவார்க்கு இஃது இரண்டாண்டு உழைப்பு. முதற்றொகுதியாகிய ‘அழியாச்சுடர்’ 1959இல்தான் வெளிவந்தது. அதாவது, முதற்கதை அச்சேறி இருபத்து மூன்றாண்டு கழித்து! அதுகாறும் இவரைப் படிக்க விரும்பியவர் பழைய மணிக்கொடிப் பிரதிகளைத் தேடியலைய வேண்டியிருந்தது. பெயர்க்கேற்பவே வாழ்ந்தார் போலும்.

இனிக் கதை. எல்லோரும் படித்திருக்கமாட்டீர் ஆதலின் ‘அழியாச்சுடர்’ என்னும் ஒன்றை மட்டும் நம் சொற்களிற் சுருக்கிக் கூறுகிறோம். ஒருவன் தன் நண்பனைக் காணச் செல்கிறான். நண்பனோ சாளரத்தருகே அமர்ந்து, வெளியே இலையுதிர்ந்து நிற்கும் மரம் ஒன்றையே நோக்கிக்கொண்டிருக்கிறான். பின் தன் கதையைச் சொல்லுகிறான். பல ஆண்டுகட்கு முன், இளமையில், கோயிலிலே ஒரு பெண்ணைக் கண்டான். அவளுக்காக எதுவும் செய்வேன் என்னும் உறுதி அவன் நெஞ்சில் எழுந்தது. அவ்வேளையில் தூணிற் செதுக்கிய யாளி உயிர்பெற்றெழுந்து சீறுவதுபோல் அவனுக்குத் தோன்றிற்று. ஆண்டுகள் கழிந்தபின் அவளை அக்கோயிலிலேயே மறுபடி காண்கிறான். பழைய உறுதி, உறங்கியிருந்த கடன்பத்திரம்போல், அவன் முன் வந்து நிற்கிறது. இவ்வளவையும் சொன்ன நண்பன் முடிவில் மறைந்துபோகிறான். ஏன் மறைந்தான், எங்குச் சென்றான் என்பவற்றை ஆசிரியர் கூறுகிறாரல்லர். நிகழ்ச்சி என்று எண்ணினால் இதில் ஒன்றுமில்லை. கோயில், பார்வை, கல், நினைவு ஆகிய இவையே கதை. ‘பிரபஞ்ச கானம்’ என்னும் கதையிலே, பாடினால் உயிருக்குக் கேடு என்று மருத்துவர் விலக்கிய பெண்ணொருத்தி இருக்கிறாள். அவள் பாடாத காலமெல்லாம் இயற்கையின் இசையே அவளுள் அடைபட்டுக் கிடப்பதாக ஒருவன் உணர்கிறான். முடிவில் அவள் பாடுகிறாள். பாட்டோடு உயிரும் போகிறது. உலகம் தன் இசையைத் திரும்பப் பெறுகிறது. காதற் கதை என்றால் காதற் கதை. தத்துவம் என்றால் தத்துவம். இரண்டுமன்று, வெறுங் கனவு என்பார்க்கும் இடமுண்டு.

இத்தகைய எழுத்தை அந்நாளையோர் எவ்வாறு ஏற்றனர்? புதுமைப்பித்தன் இவரைத் தமிழ்ச் சிறுகதைக்குத் திருமூலர் என்று கூறிப் போற்றினார். எளிதிற் பிறரைப் போற்றும் இயல்பினர் அல்லர் அவர் என்பதை இலக்கியம் அறிந்தார் அறிவர். க. நா. சுப்ரமண்யம் இவர்தம் கதைகளைத் தேடியெடுத்து நூலாக்குவதில் முனைந்து நின்றார். சி. சு. செல்லப்பா, தாம் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில் இவரைப்பற்றி விரித்தெழுதினார். 1967இல் வெளியான ‘மௌனி கதைகள்’ தொகுதிக்கு முன்னுரை வரைந்தவர் திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு. பிரமிள் என்று பின்னாளில் அறியப்பட்டவர். முன்னுரை எழுதியபோது அவர்க்கு வயது முப்பதும் நிரம்பவில்லை. நாட்டு நடப்பை எழுதுவதே எழுத்தாளன் கடன் என்று கொண்டவர்களோ, பசியும் கூலியும் இல்லாத இக்கதைகளை ஒதுக்கினர். கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம், மௌனியின் கதைகள் சிலவற்றின் கையெழுத்துப் படிகளைத் தாம் திருத்திக் கொடுத்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். அதைக் கேட்ட அன்பர்கள் கொதித்தெழுந்தனர். திருத்தினாரா இல்லையா என்னும் வழக்கில் நாம் நுழைய வேண்டுவதில்லை. ஆனால், அக்கொதிப்பு ஒன்றைக் காட்டுகிறது. மௌனி என்பவர் சிலர்க்கு எழுத்தாளராக மட்டும் இல்லை. பூசைக்குரிய மூர்த்தியாகவே ஆகிவிட்டார். மூர்த்தியின் முன்னே ‘விளங்கவில்லை’ என்பவன் பாவியாகிறான். எம்மை நாண வைத்துச் சென்ற அன்பரை நாணச் செய்தது நூலன்று. நூலைச் சூழ்ந்து எழுந்த இத்தூபப் புகையே என்பது எமது துணிபு.

திருமூலர் என்னும் உவமையை எல்லோரும் எடுத்துச் சொல்லுகின்றனர். திருமூலர் வரலாற்றை நின்று நோக்கினார் சிலரே. சேக்கிழார் பெருமான் கூறுவது யாது? கயிலையினின்று வந்த யோகியார், சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். தம் உடலை ஓரிடத்தே மறைத்துவிட்டு அவனுடலிற் புகுந்தார். பசுக்கள் களித்தன. மாலையில் மூலனின் மனைவி வந்தாள். ‘உனக்கும் எனக்கும் தொடர்பில்லை’ என்று கூறி அவர் மடம் புகுந்தார். மீண்டு வந்து பார்த்தபோது மறைத்த உடலைக் காணவில்லை. பின்னர்த் திருவாவடுதுறையில் அரசின்கீழ் அமர்ந்து, ஆண்டுக்கொரு பாடலாக மூவாயிரம் ஆண்டு பாடினார் என்பது வரலாறு. கற்பனைக் கதை எழுதுவார் எவரும் இதனை விஞ்ச முடியாது. அன்றியும் திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் சூனிய சம்பாஷணை என்றோர் பகுதி உண்டு. ஆங்குள்ள விடுகதை போன்ற பாடல்களுக்கு உரை காண முயன்று புலவர் பலர் இடர்ப்பட்டிருக்கின்றனர். ஆயினும் தமிழ்நாடு அவற்றைத் தள்ளவில்லை.

மலைவாணராகிய நமக்கு இத்தகைய செய்திகள் புதியனவும் அல்ல. செம்மேட்டிலே வல்வில் ஓரியின் சிலையைக் கடந்தே நாள்தோறும் நடக்கிறோம். வன்பரணர் பாடிய புறப்பாட்டு என்ன சொல்லுகிறது? ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாம். எந்த மாணவனாவது எழுந்து, இஃது இயலுமா ஐயா என்று எம்மிடம் வினவியதுண்டா? இல்லை, கண்கள் ஒளிரக் கேட்டிருக்கிறான். கொல்லிப்பாவையோ அதனினும் வியப்பு. தெய்வம் செய்தமைத்த அப்பாவை, காற்று மோதினும் இடி இடிப்பினும் நிலமே நடுங்கினும் தன் அழகு கெடாது நிற்கும் என்று நற்றிணை நமது மலையைக் குறித்துப் பேசுகிறது. அது சிரித்து மயக்கி உயிர் கொள்ளும் என்பது வழிவழிக் கேள்வி. கல் சிரிக்கும் மலையில் வாழ்வார்க்குக் கல் எழுந்து நிற்பது பெரிதாமோ?

அற்றேல், பாவையை ஏற்றவர் யாளியை ஏலாது மயங்குவது என்னை? இதற்கு விடை காணுமுன் எம்முள் நெடிது ஆராய்ந்தோம். பாவையின் கதையை நாம் தனித்திருந்து கற்றோமில்லை. பாட்டியின் மடியிற் கிடந்து கேட்டோம். யார் சொல்லுகிறார், எதற்காகச் சொல்லுகிறார் என்பது நமக்குத் தெரியும். காட்டில் தனியே திரியாதே என்பதற்காக ஒருத்தி சொன்னாள். தலைவியின் அழகை வியந்து ஒரு புலவர் சொன்னார். பாவை சிரிப்பதை ஊரே சேர்ந்து நம்பிற்று. மௌனியின் யாளியோ ஒருவன் கண்ணுக்கு மட்டுமே எழுகிறது. அதனை அவனுடன் பகிர்வார் ஒருவருமில்லை. அவன் நண்பனும் அதைக் கேட்டானேயன்றிக் கண்டானல்லன். ஊரின் கனவு வேறு, ஒருவன் கனவு வேறு. ஒருவன் கனவிற்குள் நுழைவது மற்றவர்க்கு அரிது. அரிதென்று கூறுவது படிப்பின்மையைக் காட்டாது. செவி சரியாக இருப்பதையே காட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விளங்காமை எல்லாம் ஒருதன்மைத்தன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை ஆராயத் தொடங்கியபோது அதிலுள்ள பௌத்த மதச் செய்திகள் அவர்க்கு விளங்கவில்லை. வானிற் பறத்தலும், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும், முற்பிறப்பை உணர்த்தும் பீடிகையும் தமிழ் மரபிற்கு அயல் அல்ல. நூலில் இடையிடையே வந்த கொள்கைச் சொற்களே இருண்டிருந்தன. கும்பகோணம் கல்லூரியிலிருந்த ரங்காசாரியார் பௌத்த நூல்களைக் கற்றவர்; அவர் விளக்க விளக்க வாயில்கள் திறந்தன; 1898இல் ஐயரவர்களின் பதிப்பு வெளிவந்தது. அவ்விருள் வாசகன்பால் இருந்த இருள். விளக்கைக் கொணர்ந்தவுடன் நீங்கிற்று. பின்னாளில் மௌனி பயின்றதும் அதே கும்பகோணம்தான். ஆனால், அவர் கதைகளில் உள்ள இருளைப் போக்க எந்த ரங்காசாரியாராலும் இயலாது. அங்கே மறைந்து கிடக்கும் சாத்திரம் ஒன்றுமில்லை. பல இடங்களில் இருள் வாக்கியத்திலேயே இருக்கிறது. இலக்கணம் கற்பிப்பவர் என்ற முறையிற் சொல்லுகிறோம்: எழுவாய் ஓரிடத்தும் பயனிலை வேறிடத்தும் நின்று ஒன்றையொன்று தேடும் வாக்கியங்கள் அவர் எழுத்தில் உள்ளன. ‘ஏதோ’, ‘எதையோ’, ‘எங்கோ’ என்னும் சொற்கள் வந்த வண்ணமாயிருக்கின்றன. சொல்லற்கரியதைச் சொல்ல முயலும்போது நாக்குத் தடுமாறுதல் இயல்பே. ‘அழியாச்சுடரி’லும் ‘பிரபஞ்ச கான’த்திலும் அத்தடுமாற்றமே பொருளைத் தருகிறது. வேறு சில கதைகளில் அது வெறுந் தடுமாற்றமாகவே நின்றுவிடுகிறது. இருபத்து நான்கில் ஆறேழு கதைகள் தமிழ் உள்ளளவும் நிற்கும் என்பது எமது மதிப்பு. ஏனையவற்றைப் படித்துத் தலைவலி கண்டவரிடம், ‘மீண்டும் படியும்’ என்று கூறமாட்டோம்.

இப்பொழுது அத்தாயின் சொல்லுக்கு வருவோம். பேத்தி ‘அழியாச்சுடரை’ப் படித்து முடித்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். பின் எம்மை நோக்கி, “யாளி எழுந்து நின்னது கெடக்கட்டும், வாத்தியாரே. அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு? அவள ஒருத்தரும் கேக்கலையா?” என்றார்.

அன்பர்களே, மௌனியைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றை யாம் கற்றிருக்கிறோம். இவ்வினா எம் நெஞ்சில் தைத்ததுபோல் அவற்றுள் எதுவும் தைக்கவில்லை. உண்மையே, அப்பெண்ணின் வாய்ச்சொல் ஒன்றையும் கதையில் யாம் காணோம். அவள் பார்க்கிறாள், பார்க்கப்படுகிறாள், ஓர் ஆடவனின் உள்ளத்தில் சுடர் ஏற்றிவிட்டுப் போகிறாள். ‘பிரபஞ்ச கான’த்துப் பெண்ணும் பாட்டாகவே இருக்கிறாளன்றி, அவளது விருப்பு வெறுப்பை எவரும் வினவுவதில்லை. சேக்கிழாரை மீண்டும் நினைமின். மூலனின் மனைவி வாளா இருந்தாளா? தன் கணவன் தன்னை ஏற்கவில்லை என்று ஊராரிடம் சென்று முறையிட்டாள். ஊர்ப் பெரியோர் வந்து அவரைக் கண்டு, அவரது யோக நிலையை உணர்ந்து, அவளுக்கு எடுத்துரைத்தனர். அவள் துயரம் தீரவில்லை. ஆனால், கூடுவிட்டுக் கூடு பாயும் அப்பெரிய அற்புதத்தின் நடுவிலும் ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கிற்கு இடம் வைத்தார் சேக்கிழார். இத்தாய் பெரிய புராணம் கேட்டவரல்லர். ஊர்க்கூட்டத்தில் வழக்குரைப்பதைப் பலமுறை கண்டவர். அவ்வறிவைக் கொண்டே கதையின் நடு நரம்பைத் தொட்டுவிட்டார். திருமூலரோடு ஒப்பிடுவார் இக்குறையையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெரியவரது முறையீட்டை யாம் எளிதாகக் கொள்ளவில்லை. இக்கதைகளிற் சாவு மிகுதி. கைகூடாத விருப்பம் மிகுதி. எழுந்து ஒரு வேலையைச் செய்வார் அரியர். கீழ்நாட்டிற்குப் பிழைப்புத் தேடிச் சென்று மனமுடைந்து திரும்பிய இளைஞரைக் கண்ட கண்கள் அவருடையவை. இத்தகைய நூல் அவர்கள் கையிற் சிக்கினால் என்னாகுமோ என்று அவர் அஞ்சுவது அன்பினாலேதான். நூலில் உள்ளது இன்னதென்று அவர் கண்டதும் சரியே. ஆயினும், அந்நூலைத் திருப்பித்தர மறுத்த மாணவர் எம்மிடம் சொன்னதையும் அவர் கேட்க வேண்டுகிறோம். அம்மாணவர் சிறுவயதிலேயே வீட்டைப் பிரிந்து உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் பயின்றவர். மௌனியின் முதற்கதையாகிய ‘ஏன்?’ என்பதிலே, பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பார்வையிற் கண்ட ‘ஏன்’ என்னும் கேள்வி ஒருவனை வாழ்நாளெல்லாம் விடாது தொடர்கிறது. இரவில் விடுதிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கையில் தமக்கும் அக்கேள்வி எழுந்ததென்றும், அது தம் ஒருவர்க்கே வந்த நோயென்று பல ஆண்டு மறைத்திருந்ததாகவும், 1936ஆம் ஆண்டிலேயே ஒருவர் அதனை எழுதியிருக்கக் கண்டபோது நெஞ்சுச் சுமை இறங்கிற்றென்றும் கூறினார். மனச்சோர்வை நூல் உண்டாக்குதல் ஒன்று. முன்னரே உள்ள சோர்வுக்கு ஒரு துணை கிடைத்தல் மற்றொன்று. நூலை எடுத்துவிட்டால் துணைதான் போகும், சோர்வு போகாது. அவ்விளைஞர் வாய் திறந்து எம்மிடம் பேசியதே இந்நூலைத் திருப்பிக் கேட்கச் சென்றபோதுதான்.

செயற்குழுவினர் எம் கருத்தைக் கேட்டிருந்தனர். அதனை இங்கேயே வெளிப்படக் கூறிவிடுகிறோம். நூல் அலமாரியில் இருக்கட்டும். தொடக்கப்பள்ளிச் சிறார்க்கு அதனைக் கொடுக்க வேண்டா. கொண்டு செல்லும் இளைஞர் எவரும் திருப்பித் தரும்போது, கணக்கிற் பதிவதோடு அமையாது, கால் நாழிகை உட்கார வைத்து அவருடன் பேச ஒருவர் வேண்டும். அப்பணியை யாம் ஏற்கிறோம். முறையீடு எழுதிய பெரியவரும் உடனிருந்தால் நன்று. அவரது அச்சத்தை இளைஞரும் நேரிற் கேட்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் ‘பிரபஞ்ச கானம்’ முழுவதும் உரக்கப் படிக்கப்படும். படிப்பவர் அத்தாயின் பேத்தியே, அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். படிக்குமுன் எவரும் முன்னுரை கூறுதல் கூடாது. அவ்விதி எமக்கும் உண்டு. படித்து முடித்தபின் முதலிற் பேச வேண்டியவர் தாய்மார்கள். பின்னர் மாணவர். தமிழாசிரியர் கடைசியிற் பேசலாம், நேரம் இருப்பின்.